கடலோரத்தில் மைக் வாங்குவோருக்கு: குறைந்த விலையில் ஒரு நல்ல டைனமிக் மைக்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் இராமநாதபுரக் கடலோரம் நெடுகப் பாடுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் குறைவில்லை. தேவாலயப் பாடற்குழுக்கள் இருக்கின்றன, தப்ஸ் என்ற தோற்கருவியைத் தட்டிப் பாடும் குழுக்கள் இருக்கின்றன, கோயில் திருவிழாவில் ஒயிலாட்டத்துக்குப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று நிலவரத்தையும் மீன் விலையையும் கைப்பேசியில் பேசிக் காணொளியாகப் போடும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்துவிட வேண்டும் என்று துடிக்கும் மாணவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: கையில் 3,000 ரூபாய் இருக்கிறது, எந்த மைக் வாங்கலாம்?

தயங்காமல் சொல்வேன், டைனமிக் மைக் வாங்குங்கள். பெரிய பெயருக்காகக் கடன்பட வேண்டாம். 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஒழுங்கான மைக்கை நல்ல வயரோடு வாங்கி, வாய்க்கு அருகில் வைத்துப் பேசிப் பழகியவரின் குரல், பல மடங்கு விலையுள்ள மைக்கை இரண்டடி தள்ளி வைத்துப் பேசுகிறவரின் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும்.

ஏன் டைனமிக்

டைனமிக் மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் பின்புறம் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். சுருளைச் சூழ்ந்து காந்தம். குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது சுருளும் காந்தப்புலத்துக்குள் அசைகிறது, அந்த அசைவு மின்குறிப்பாகிறது. பேட்டரி வேண்டாம், ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சரிலிருந்து வயர் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரும் வேண்டாம். உள்ளே இருப்பவை குறைவு என்பதால் கெட்டுப்போக வழியும் குறைவு.

இன்னொரு வகையான கண்டென்சர் மைக்கின் சவ்வு இன்னும் மெல்லியது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். வீணையின் மீட்டலையும் புல்லாங்குழலின் மூச்சையும் அது அழகாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் நம் வீடுகளில் கண்டென்சர் மைக் படபடவென்று வெடிப்பதும் சீறுவதும் உண்டு. தகரக் கூரை, மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்சி, கரையில் ஓடும் விசைப்படகின் இன்ஜின் என்று சுற்றுச் சத்தமும் அதில் தாராளமாக விழும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவது நல்லது. டைனமிக் மைக் சுற்றுச் சத்தத்தைத் தானாக வடிகட்டிவிடும் என்று விற்பனையாளர்களே சொல்கிறார்கள். எந்த மைக்குக்கும் அப்படி ஒரு வித்தை தெரியாது. டைனமிக் மைக்கை நாம் வாய்க்கு மிக அருகில் வைத்துப் பயன்படுத்துகிறோம். குரல் பெரிதாக விழுகிறது, ஆகவே மிக்சரில் கெயினை, அதாவது மின்குறிப்பைப் பெருக்கும் அளவை, குறைத்து வைக்க முடிகிறது, சுற்றுச் சத்தமும் அதோடு இறங்கிவிடுகிறது. அதே மைக்கை மேசையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டுக் கெயினை ஏற்றினால் மின்விசிறி முழுதாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில், எதில் செருகப் போகிறீர்கள்?

மைக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதை முடிவுசெய்யுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊர்க் கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் என்றால், மைக்செட்காரரின் மிக்சரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ செருகுவீர்கள். அதற்கு மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக் வாங்க வேண்டும். கணினியில் பதிவுசெய்யப் போகிறீர்கள் என்றால் அதே எக்ஸ்எல்ஆர் மைக்கோடு, அதன் மின்குறிப்பைப் பெருக்கிக் கணினிக்குக் கொடுக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் தேவைப்படும். மைக்கின் விலையைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ அதற்கு ஆகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி மட்டும்தான் கையில் இருக்கிறதா? எக்ஸ்எல்ஆர் மைக்கை ஒரு மலிவான இணைப்பு வயரால் கைப்பேசியின் இயர்போன் துளையில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தாழ்ந்து கேட்கும், கூடவே இரைச்சலும் வரும். டைனமிக் மைக் தரும் மின்குறிப்பு மிகச் சிறியது. நல்ல பெருக்கி இல்லாமல் அது மேலே ஏறாது. இவர்களுக்கு ஏற்றது யுஎஸ்பி டைனமிக் மைக். சாம்சன் கியூ2யு என்ற மைக்கில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருக்கின்றன. காதில் மாட்டிக் கேட்க ஒரு துளையும் அதிலேயே உண்டு. விலை 2,000 ரூபாய் மைக்கைவிடக் கூடுதல்தான். ஆனால் இண்டர்ஃபேஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை, பிறகு மிக்சரில் செருகவும் அதே மைக் உதவும். தனியாக இருந்து பேசிப் பதிவுசெய்கிறவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

அட்டைப் பெட்டியில் எதைப் படிப்பது

பெட்டியில் அச்சிட்டிருப்பவற்றில் பாதியை விட்டுவிடலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது கார்டியாய்டு என்ற சொல். முன்னால் வருவதை நன்றாகக் கேட்டு, நேர் பின்னால் வருவதைத் தள்ளும் மைக் என்று பொருள். சூப்பர் கார்டியாய்டு என்றால் முன்பக்கப் பிடிப்பு இன்னும் குறுகியது. ஆனால் அது நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும், அதிகம் தள்ளுவது பின்பக்கத்தின் இரு ஓரங்களையே. மேடையில் ஸ்பீக்கர் வைக்கும் இடம் இதைப் பொறுத்து மாறும்: கார்டியாய்டு என்றால், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேரே வையுங்கள், சூப்பர் கார்டியாய்டு என்றால் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். புதியவருக்குக் கார்டியாய்டே போதும்.

வெளியில் நின்று பேட்டி எடுக்கிறவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கார்டியாய்டு மைக் காற்றடிக்கு எளிதில் அஞ்சும். எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி வகை டைனமிக் மைக் காற்றையும் கை உரசலையும் நன்றாகத் தாங்கும். தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பலர் அதைப் பிடித்திருப்பது அதனால்தான். ஆம்னி மைக்கை ஸ்பீக்கர் உள்ள மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஊளையிடும்.

அலைவரிசை அளவு, அதாவது மைக் பிடிக்கும் மிகத் தாழ்ந்த ஒலி முதல் மிக உயர்ந்த ஒலி வரையிலான எல்லை, 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை என்று இருந்தால் குரலுக்குத் தாராளம். உலகம் முழுக்க மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கின் அளவே அதுதான், அது 1966-இல் வந்தது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று 400 ரூபாய் மைக்கின் பெட்டியில் போட்டிருந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

எதை வாங்கலாம்

500 ரூபாய்க்குள் வரும், வயரை மைக்கிலேயே பற்றவைத்த வகைகளை விட்டுவிடுங்கள். வயர் அறுந்தால் மைக்கே போயிற்று.

1,500 முதல் 3,000 ரூபாய் வரையிலான வட்டத்தில்தான் நம் தேவைக்கான மைக்குகள் இருக்கின்றன. பெரிங்கர் எக்ஸ்எம்8500 எடை உள்ளது, உலோக உடல், கார்டியாய்டு. குரலுக்கும் சிறு பதிவுகளுக்கும் இந்த விலையில் நான் முதலில் சொல்லும் பெயர். அகுஜா நிறுவனத்தின் எக்ஸ்எல்ஆர் மைக்குகள் நம் மைக்செட்காரர்களுக்குக் கைப்பழக்கமானவை; பழுதானால் பார்த்துக்கொடுக்க இராமநாதபுரத்திலேயே ஆள் கிடைப்பார் என்பது சிறிய வசதி அல்ல. கூட்டங்களுக்கும் வழிபாட்டுக்கும் என்றால் அகுஜா, பாட்டுப் பதிவும் சேர்ந்தால் பெரிங்கர் என்று நான் பிரித்துக்கொள்வேன். இதற்குச் சற்று மேலே ஷூர் நிறுவனத்தின் எஸ்வி100, பிஜிஏ48 ஆகியவை வருகின்றன. விலைகள் கடைக்குக் கடையும் மாதத்துக்கு மாதமும் மாறும். நான்கு இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

10,000 ரூபாய் அளவில் செலவழிக்க முடிந்தால் எஸ்எம்58 இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் போலிகள் மலிந்த மைக்கும் அதுதான். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் எடை போட்டுப் பாருங்கள். அசல் எஸ்எம்58, வயர் இல்லாமல், 300 கிராமை ஒட்டி இருக்கும். போலிகள் பெரும்பாலும் இலேசாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குவதே பாதுகாப்பு.

இணையத்தில் பேசுகிற பிரபலங்களின் முகத்துக்கு முன் தொங்கும் ஷூர் எஸ்எம்7பி மைக்கைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பலர். அருமையான மைக்தான். ஆனால் அதற்கு 60 டெசிபல் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கெயின் தேவை. சாதாரண இண்டர்ஃபேஸ்கள் அதில் திணறும். தொடக்கத்தில் அது வேண்டாம்.

சுவிட்ச் உள்ள மைக்கா, இல்லாததா என்றும் கேட்பார்கள். பலர் மாறி மாறிப் பேசும் கூட்டத்துக்குச் சுவிட்ச் உதவும். பதிவுக்கும் பாட்டுக்கும் சுவிட்ச் இல்லாததே மேல். உப்புக் காற்றில் முதலில் கரகரக்கத் தொடங்குவது சுவிட்சின் தொடுமுனைதான்.

கடையில் நின்று சோதிப்பது

மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போய் வாங்குகிறவர்கள், "செக், செக், ஒன் டூ த்ரீ" என்று சொல்லிவிட்டுத் திருப்தியடைந்து வந்துவிடுகிறார்கள். தமிழ் பேசவும் பாடவும் வாங்குகிற மைக்கைத் தமிழில்தான் சோதிக்க வேண்டும்.

மைக்கை நான்கு விரல் தூரத்தில் பிடித்து, "வலை, வளை, வாழை" என்று இயல்பாகச் சொல்லுங்கள். மூன்றும் ஸ்பீக்கரில் மூன்றாகவே கேட்க வேண்டும். இரண்டு ஒன்றுபோலக் குழைந்தால் அந்த மைக்கில் தெளிவு போதாது. பிறகு "பாம்பன் பாலத்தைப் பார்த்தபடி படகைத் தள்ளிப்போனான்" என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பகரத்துக்கும் ஸ்பீக்கர் குப்பென்று அடித்தால் மைக்கின் தலையிலுள்ள வலைக்கூட்டின் உள்ளே இருக்கும் பஞ்சு மெல்லியது. அடுத்து, "சாயல்குடிச் சந்தையில் சின்னச் சின்னச் சங்கு" என்று சொல்லுங்கள். சகரம் காதில் ஊசிபோலக் குத்தக் கூடாது.

பேசாமல் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுங்கள். உரசல் சத்தம் இடிபோல வந்தால் உள்ளே அதிர்வு தாங்கி சரியில்லை. மெதுவாகக் குலுக்கியும் பாருங்கள், உள்ளே எதுவும் ஆடக் கூடாது. கடைசியாக, பாடப் போகிறவரே நேரில் வந்து பாடிப் பார்க்க வேண்டும். ஆண் குரலுக்கு நிறைவாக இருக்கும் மைக் சில பெண் குரல்களுக்கு மூக்கடைத்ததுபோல ஒலிக்கலாம்; இதை எந்த விவரக் குறிப்பும் சொல்லாது.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மைக்குக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினால் வயருக்கு 500 ரூபாயாவது ஒதுக்குங்கள். இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள வயரில் மின்குறிப்பு 2-ஆம் பின்னிலும் 3-ஆம் பின்னிலும் எதிரெதிராக ஓடுகிறது. 1-ஆம் பின் கவசத்துக்கு. வழியில் நுழையும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுவதால், மிக்சர் அதைக் கழித்துத் தள்ளிவிடுகிறது. ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சூழ்ந்த திருவிழாப் பந்தலில் இது பெரிய காரியம். ஒரு முனையில் 6.35 மில்லிமீட்டர் ஜாக் உள்ள சாதாரண வயரில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய ஆம்ப்ளிஃபையரில் வேறு வழியில்லை என்றால் அதைப் பயன்படுத்தலாம், நீளம் மட்டும் ஐந்து மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

தங்கச்சிமடத்தில் ஒரு பாடற்குழுவினர் மைக் செத்துவிட்டது, புதிதாக எது வாங்கலாம் என்று கேட்டார்கள். வயரின் பிளக்கைத் திருகிக் கழற்றினால், 2-ஆம் பின்னில் பற்றவைத்திருந்த செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நுனியை வெட்டி, நல்ல கம்பி தெரியும் வரை தோலை உரித்து, மறுபடி பற்றவைத்தோம். மைக் முன்போலவே பேசியது. கடலோரத்தில் மைக் செத்தது என்று சொல்லும் பல நேரங்களில் செத்திருப்பது வயர்தான்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்

தூரம் பாதியாகக் குறைந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்கு வந்தால் 6, அங்கிருந்து ஏழரைக்கு வந்தால் இன்னொரு 6. மின்விசிறியோ தெருவோ இருந்த இடத்திலேயே இருப்பதால் அவற்றின் அளவு மாறுவதில்லை. ஆகச் செலவில்லாமலேயே 12 டெசிபல் சுத்தமான குரல் கிடைக்கிறது. இதைத் தரும் மென்பொருளும் இல்லை, மைக்கும் இல்லை. பாம்பனிலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கடல் ஓசை சமூக வானொலியைக் கேட்கும்போது, பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும் தருணங்களைக் கவனியுங்கள். உங்கள் பதிவையும் அதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

அருகில் வரும்போது அடிக்குரல் பெருக்கும். கார்டியாய்டு மைக்குகளின் இயல்பு அது. மெலிந்த குரலுக்கு அது சதை போடும், ஏற்கெனவே கனத்த குரலை மந்தமாக்கும். கனத்த குரல்காரர் ஒரு சாண் தள்ளி நிற்கலாம், அல்லது மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். மைக்கை உதட்டுக்கு நேரே நீட்டாமல், வாயின் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் பகரத்தின் காற்று மைக்குக்குப் பக்கத்தில் போய்விடும், குரல் மட்டும் விழும்.

வலைக்கூட்டைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். மைக் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவது கூட்டுக்குக் கீழுள்ள துளைகளின் வழியாகத்தான். அவற்றை மூடினால் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஸ்பீக்கர் ஊளையிடும். ஊளை கேட்டதும் பலர் பதறி மைக்கை இன்னும் இறுகப் பொத்துகிறார்கள், சத்தம் கூடுகிறது.

வீட்டில் பதிவுசெய்கிறவர்கள் மின்விசிறியைக் கவனியுங்கள். மைக்கை ஸ்டாண்டில் மேல்நோக்கி நிறுத்தினால் அதன் முகம் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்க்கிறது. வளையும் ஸ்டாண்டில் மாட்டி, நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கிச் சாய்த்து இறக்குங்கள். இப்போது மைக்கின் முதுகுதான் மின்விசிறிக்கு. இந்த ஒரு மாற்றமே பல வீடுகளில் போதும். எதிரொலிக்கு, பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டிக் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், தரையில் பாய் விரியுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் பதிவு செய்ய வேண்டாம், எந்த ஏற்பாடும் அதைத் தடுக்காது.

வெளியில் என்றால் மைக்கின் தலையில் தடித்த ஃபோம் உறை மாட்டுவது கட்டாயம். தனுஷ்கோடி மணலில் கச்சான் காற்று வீசும்போதும் வாடை வீசும்போதும், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கை மார்போடு ஒட்டிப் பிடித்து முகவாய்க்குக் கீழிருந்து பேசுங்கள். உங்கள் உடலே காற்றை மறிக்கும்.

வாத்தியங்களுக்கு

உரத்த வாத்தியங்கள் டைனமிக் மைக்குக்குப் பிடித்தவை. நாதஸ்வரத்துக்குக் கீழ்முனையான அணசின் வாயை நேராகப் பார்க்காமல் ஓரடி தள்ளிச் சற்று ஓரமாக வையுங்கள். தவிலுக்கு ஒரே மைக்தான் உண்டு என்றால் விரல்களால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் கொடுங்கள், குச்சியால் அடிக்கும் தொப்பியின் கனம் தானாக வந்து சேரும். தப்ஸுக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் போதும். ஆர்மோனியத்துக்குத் துருத்தியின் பக்கம் வைக்காதீர்கள், காற்றும் மரச் சத்தமும்தான் வரும். மேலிருந்து கட்டைகளை நோக்கிச் சாய்த்து வையுங்கள். வீணைக்கும் வயலினுக்கும் இந்த விலை டைனமிக் மைக் முழு நிறைவு தராது. அவற்றைத்தான் முதன்மையாகப் பதிவுசெய்யப் போகிறீர்கள் என்றால், ஈரத்துக்குப் பாதுகாப்புச் செய்துகொண்டு கண்டென்சர் மைக்குக்கே போங்கள்.

உப்புக்காற்றில் பராமரிப்பது

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் இரும்பைத் தின்னும். பயன்படுத்தி முடித்ததும் மைக்கின் உடலை லேசாக நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். பலர் வாய் வைத்துப் பாடும் மைக்கென்றால் மாதம் ஒருமுறை வலைக்கூட்டைத் திருகிக் கழற்றி, பஞ்சோடு சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்திய பின்னரே மாட்டுங்கள். கூடு இல்லாத மைக்கைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். மணலில் வைக்கவும் கூடாது. உள்ளே இருப்பது காந்தம், இரும்புத் துகள் எங்கிருந்தாலும் இழுத்துச் சவ்வின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகையானால் நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். ஈரமான ஃபோம் உறையை மைக்கோடு சேர்த்து மூடிவைக்காதீர்கள். வயரைத் தனியாக, முறுக்காமல் பெரிய வளையமாகச் சுருட்டி வையுங்கள்.

குரல் நின்றுவிட்டால், முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பிறகு மிக்சரில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். அதன் பின் மைக்கின் அடியிலுள்ள மூன்று பின்களில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, தொடுமுனை சுத்தப்படுத்தும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். நசுங்கிய வலைக்கூடு பல மாடல்களுக்குத் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. இவை அனைத்தும் செய்தும் பேசவில்லை என்றால்தான் புது மைக்குக்குப் பணம் எடுக்க வேண்டும்.